சிம்மக்கல் ஸ்டுடியோவுக்கு எந்த ஸ்டோரேஜ்: கெர்னலுக்கு உள்ளே இருப்பதா, வெளியே இருப்பதா?

திருப்பரங்குன்றத்தில் நடந்த ஒரு முகூர்த்தம். படத்தில் மாலை தெரிகிறது, மாப்பிள்ளையின் விபூதிப் பட்டை தெரிகிறது, தாலிச் சரட்டைப் பிடித்த விரல்கள் தெரிகின்றன. அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். மதுரை சிம்மக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் மானிட்டரில் அதைப் பெரிதாக்கிக் காட்டினார். "எடுத்தன்னைக்குப் பாத்தேன் தம்பி, முழுசா இருந்துச்சு. டிஸ்க்குல சும்மா கெடந்தது எப்புடித் தேயும்?"

தேயும். அந்த மெஷினில் நான்கு டிஸ்க் போட்டு, லினக்ஸில் டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் எம்டி ரெய்டு 5, அதன் மேல் இடத்தைப் பங்கு பிரிக்கும் எல்விஎம், அதற்கும் மேல் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்எஃப்எஸ் என்று நான்தான் கட்டிக் கொடுத்திருந்தேன். டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். டிஸ்க் சாகாமல், பிழை என்றும் சொல்லாமல், தப்பான பைட்டுகளைக் கூசாமல் எடுத்து நீட்டினால் ரெய்டு அதை வாங்கி அப்படியே மேலே கொடுத்துவிடும். படிக்கும்போது அது பாரிட்டியை, அதாவது ஒரு டிஸ்க் போனால் அதிலிருந்ததைத் திரும்பக் கணக்கிட வைத்திருக்கும் கூடுதல் டேட்டாவை, சரிபார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை ஓடும் சோதனை, எங்கோ பொருந்தவில்லை என்று ஓர் எண்ணைக் காட்டும். நான்கில் எந்த டிஸ்க் பொய் சொல்கிறது என்று அதற்குத் தெரியாது. ரிப்பேர் கொடுத்தால், இருக்கும் டேட்டாதான் சரி என்று வைத்துக்கொண்டு பாரிட்டியைத் திருத்தி எழுதிவிடும். அதோடு சாம்பல் நிறம் நிரந்தரம்.

அதனால் அந்த மூன்று அடுக்கின் வேலையையும் ஒன்றாகவே செய்யும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்துக்கு மாறினோம். ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் ஒன்றை வைத்திருக்கும். படிக்கும்போதே ஒப்பிட்டு, பொருந்தாததை மற்ற டிஸ்க்குகளிலிருந்து மீட்டுத் தானே சரிசெய்துகொள்ளும். மூன்று வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு வைகாசி மாதம், புது நெட்வொர்க் கார்டுக்காக ராத்திரி லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் புதியது ஒன்றை இழுத்துப் போட்டு ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் போனேன். காலை ஏழரைக்கு போன். பெண் வீட்டார் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், மெஷினில் ஒரு ஃபோல்டரும் இல்லை. கெர்னலோடு இணைந்து ஓடும் இசட்எஃப்எஸ் மாட்யூல் புதிய கெர்னலுக்குக் கம்பைல் ஆகவில்லை. மாட்யூல் இல்லாமல் பூல், அதாவது டிஸ்க்குகளைச் சேர்த்த இசட்எஃப்எஸ் தொகுப்பு, வரவில்லை. பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து பூட் செய்ய நான்கு நிமிஷம். நான் அன்றைக்கு மேலூரில் இருந்ததால் வந்து சேர ஒன்றரை மணி நேரம்.

தப்பு என்னுடையது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஏன் என்று அண்ணன் கேட்டபோது, இசட்எஃப்எஸ் கெர்னலோடு சேர்ந்ததில்லை, வெளியிலிருந்து வருவது, கெர்னல்காரர்கள் உள்ளே ஒன்றை மாற்றினால் இவர்கள் பின்னாலேயே ஓட வேண்டும், ரெண்டு பேருக்கும் அவ்வளவாக ஆகாது என்றேன். "அவய்ங்க சண்டைக்கு நம்ம கடை ஏன் தம்பி பூட்டிக் கெடக்கணும்?" என்றார்.

இப்போது அந்த டிஸ்க்குகளுக்கு வயசாகிவிட்டது. 8 டிபியில் புதிதாக நான்கு வாங்க வேண்டும். இசட்எஃப்எஸ்ஸிலேயே தொடர்வதா, கெர்னலுக்குள் இருப்பதற்கே திரும்புவதா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அண்ணனின் கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருந்தது: வெளியே இருக்கும் ஸ்டோரேஜ் மாட்யூல்களுக்கு கெர்னல் ஒத்தாசை செய்ய வேண்டுமா, வேண்டாமா?

லினக்ஸ் கெர்னல் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். யூசர் புரோகிராம்கள் கெர்னலை அழைக்கும் வாசல் மாறாது. பத்து வருஷத்துக்கு முன் கம்பைல் செய்த புரோகிராமும் ஓட வேண்டும் என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கறார். ஆனால் கெர்னலுக்கு உள்ளே ஒரு பகுதி இன்னொரு பகுதியை அழைக்கும் விதத்துக்கு எந்த வாக்குறுதியும் கிடையாது. கெர்னலின் மூத்த பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் ஒன்று கெர்னல் மூலக்கோப்புகளிலேயே இருக்கிறது. நிலையான உள்முகம் கேட்பதே அபத்தம் என்பது அதன் சாரம். உள்ளே ஒரு ஃபங்ஷனை மாற்றுகிறவர், அதைப் பயன்படுத்தும் உள்ளிருக்கும் கோட் அத்தனையையும் தானே திருத்திக் கொடுக்க வேண்டும். வெளியே இருப்பவற்றை அவர் பார்க்க வேண்டியதில்லை. 'அவுட் ஆஃப் ட்ரீ' என்று அவர்கள் சொல்வது அந்த வெளியே இருப்பவற்றைத்தான்; இங்கே வெளி மாட்யூல் என்றே எழுதுகிறேன்.

சித்திரையில் தேர் மாசி வீதிகளைச் சுற்றி வரும்போது பார்த்தவர்களுக்கு இது புரியும். கடை முகப்பில் இழுத்துக் கட்டிய தார்ப்பாயையும் போர்டையும் கழற்றிக்கொள்வது கடைக்காரர் பாடு. தேர் ஒதுங்கிப் போகாது. இந்தத் தேர் வருஷத்துக்கு ஒருமுறை வருவதில்லை, ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய கெர்னல் என்று வந்துகொண்டே இருக்கிறது. 2022 ஜனவரியில் வந்த 5.16 முதல், மெமரிப் பக்கங்களைக் கையாளும் முறையை 'ஃபோலியோ' என்ற புதிய அமைப்புக்கு மாற்றத் தொடங்கினார்கள். உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம்களை வெர்ஷன் வெர்ஷனாக மாற்றிக்கொண்டே போனார்கள். இசட்எஃப்எஸ் குழு அத்தனையையும் தானாகத் துரத்த வேண்டியிருந்தது. அவர்களின் மூலக்கோப்பில் மெட்டா என்றொரு சின்ன ஃபைல் உண்டு. இந்தப் பதிப்பு எந்த கெர்னல் வரைக்கும் தாங்கும் என்று அதில் ஒரு வரி இருக்கும். அன்று ராத்திரி அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் காலை போன் வந்திருக்காது.

கெர்னல் தரப்பில் நியாயம் நிறைய இருக்கிறது. 2002-ல் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பங்கிடும் வால்யூம் மேனேஜ்மெண்டுக்கு இரண்டு திட்டங்கள் போட்டியில் நின்றன. ஒன்று ஐபிஎம் உருவாக்கிய ஈவிஎம்எஸ். ரெய்டு, பார்ட்டிஷன், வால்யூம் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் ஆளும் பெரிய கட்டுமானம், கெர்னலுக்குள்ளும் கணிசமான கோட். இன்னொன்று சிஸ்டினா நிறுவனத்தின் டிவைஸ் மேப்பர். கெர்னலுக்குள் அது செய்வது கொஞ்சம்தான்: இந்த பிளாக்கைக் கேட்டால் அந்த டிஸ்க்கின் அந்த இடத்துக்குப் போ என்று ஒரு அட்டவணைப்படி திருப்பிவிடும். மற்ற சாமர்த்தியமெல்லாம் வெளியே எல்விஎம்2 என்ற யூசர் புரோகிராமில். டிவைஸ் மேப்பர் உள்ளே போனது. ஐபிஎம் குழு மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விடாமல், தங்கள் கெர்னல் கோடைக் கைவிட்டு, அதே டிவைஸ் மேப்பரின் மேல் ஓடும்படி ஈவிஎம்எஸ்ஸை மாற்றி எழுதியது. எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் இவ்வளவு கண்ணியமாகத் தோற்றவர்கள் குறைவு.

அந்த ஒரு முடிவால் இன்றைக்கு எல்விஎம், டிஸ்க் என்கிரிப்ஷன், டேட்டா நேர்மை பார்க்கும் டிஎம்-இன்டெக்ரிட்டி எல்லாம் அதே சின்ன இயந்திரத்தின் மேல் ஓடுகின்றன. அன்றைக்குப் பாவம் பார்த்து இரண்டு பேருக்கும் இடம் கொடுத்திருந்தால் இரண்டு பாரத்தையும் இன்றுவரை சுமந்திருப்பார்கள். இயந்திரம் உள்ளே, நிர்வாகம் வெளியே என்று பிரிக்க முடிகிற இடத்தில் கெர்னல்காரர்கள் பிடிவாதம் பிடிப்பது சரி என்றே நினைக்கிறேன்.

பொறுமையாகக் கதவைத் தட்டியவர்களுக்குக் கதவு திறந்தும் இருக்கிறது. பெர்மாபிட் நிறுவனத்தை லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் 2017-ல் வாங்கியது. அவர்களுடைய விடிஓ, ஒரே டேட்டா இரண்டு முறை வந்தால் ஒருமுறை மட்டும் எழுதிச் சுருக்கி வைக்கும் மாட்யூல். பல வருஷம் வெளி மாட்யூலாகவே ரெட் ஹேட் அதைத் தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது. 2024-ல் 6.9 கெர்னலில் உள்ளே வந்தது. ஒரு மெஷினின் டிஸ்க்கை நெட்வொர்க் வழியே இன்னொரு மெஷினில் பிரதி எடுக்கும் டிஆர்பிடி 2010-ல் 2.6.33-ல் உள்ளே போனது. ஆனால் அதன் கதை அங்கே முடியவில்லை. உள்ளே இருப்பது 8.4 வரிசையிலேயே நிற்க, ஒன்பதாம் பதிப்பை அதே ஆட்கள் வெளி மாட்யூலாக வளர்த்தார்கள். உள்ளே போவதும் சும்மா இல்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

இசட்எஃப்எஸ்ஸின் சிக்கல் வேறு மாதிரி. கோட் தரம் குறைவு என்று அது வெளியே நிற்கவில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-ல் அதை வெளியிட்டது சிடிடிஎல் என்ற உரிமத்தில். கெர்னல் இருப்பது ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில். இரண்டும் ஒத்துப்போகாது என்பதுதான் பரவலான வாசிப்பு. 2010-ல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. உரிமத்தை மாற்றும் சாவி அவர்கள் கையில், அவர்கள் மாற்றவில்லை. ஆரக்கிளிடமிருந்து முறையான கடிதம் வராமல் இதைச் சேர்க்கவே மாட்டேன் என்று லினஸ் 2020 ஜனவரியில் சொன்னதோடு, அதைப் பயன்படுத்தவும் வேண்டாம் என்றார். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் லினக்ஸுக்குக் கொண்டுவரப்பட்டு, ஓப்பன்இசட்எஃப்எஸ் என்று வளர்ந்த திட்டம், தானே செய்யாத பாவத்துக்கு வாசலில் நிற்கிறது.

கெர்னல் தரப்போடு நான் முரண்படும் இடம் ஒன்று இருக்கிறது. செக்சம், பாரிட்டி, என்கிரிப்ஷன் கணக்குகளை வேகமாகப் போட இசட்எஃப்எஸ், பல எண்களை ஒரே தடவையில் கணக்கிடும் பிராசஸரின் வெக்டர் கட்டளைகளை நம்பியிருந்தது. கெர்னலுக்குள் அவற்றைப் பயன்படுத்த, முதலில் எஃப்பியூ என்ற பிராசஸரின் தசமக் கணக்குப் பகுதியின் நிலையைப் பத்திரப்படுத்தும் ஒரு ஃபங்ஷனை அழைக்க வேண்டும். எல்லா மாட்யூலுக்கும் திறந்திருந்த அந்த வழியை 2019 மார்ச்சில் வந்த 5.0-ல் எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய வழி, ஜிபிஎல் உரிமம் உள்ள மாட்யூல்களுக்கு மட்டும். உள்ளே இதைப் பயன்படுத்துகிற மாட்யூல் இல்லை, அதனால் வைத்திருக்கத் தேவையில்லை என்பது வாதம். விதிப்படி சரி. க்ரோவா-ஹார்ட்மன் தனக்கு இசட்எஃப்எஸ் மேல் பொறுமையே இல்லை என்றும் சொல்லிவிட்டார். இசட்எஃப்எஸ் கொஞ்ச காலம் வேகம் குறைந்து ஓடியது. பிறகு எஃப்பியூ நிலையைத் தாங்களே பத்திரப்படுத்தும் கோடை எழுதிக்கொண்டார்கள். கெர்னலுக்கு இதில் என்ன லாபம்? பிராசஸரின் நிலையைத் தொடும் நுணுக்கமான வேலை, ஒரே இடத்தில் கெர்னலின் கண்காணிப்பில் இருந்தது போய், வெளியே ஒருவர் தன் இஷ்டத்துக்கு எழுதும் கோடாக ஆனது. தேர் வருகிற வழியில் தார்ப்பாயைக் கழற்றச் சொல்வது வேறு. தேர் நுழையாத சந்துக்குள் போய்ப் பிடுங்குவது வேறு.

உள்ளே போனவன் நிலைமையும் சொல்ல வேண்டும். பிகேஷ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம், கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் பல வருஷம் உழைத்து, 2024 ஜனவரியில் வந்த 6.7 கெர்னலில் உள்ளே நுழைந்தது. உரிமச் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் நடைமுறையில் வந்தது. கெர்னலில் புதிய அம்சங்களுக்கு இரண்டு வார ஜன்னல் உண்டு. அது மூடியபின் பிழைத்திருத்தம் மட்டும்தான். 6.16-க்கான அந்தத் திருத்தக் காலத்தில், இழந்த டேட்டாவை மீட்க உதவும் புதிய கோடை அவர் அனுப்பினார். பயனரின் டேட்டா திரும்புமானால் அதுவும் திருத்தம்தான் என்பது அவர் கட்சி. இது புதிய அம்சம் என்பது லினஸ் கட்சி. விளைவு, 2025 செப்டம்பரில் வந்த 6.17-ல் 'வெளியே பராமரிக்கப்படுவது' என்று முத்திரை, நவம்பர் கடைசியில் வந்த 6.18-ல் மொத்தமாக நீக்கம். இப்போது அதுவும் வெளி மாட்யூல்.

ஒப்பிட்டால், ரைசர்எஃப்எஸ் என்ற பழைய ஃபைல் சிஸ்டம் நீக்கப்பட்டது எவ்வளவு நிதானமாக நடந்தது! 2022-ல் எச்சரிக்கை, 2025 ஜனவரியில் வந்த 6.13-ல் நீக்கம். பயனருக்கு இரண்டரை வருஷத்துக்கு மேல் அவகாசம். பிகேஷ்எஃப்எஸ்ஸை நம்பி டிஸ்க் ஃபார்மட் செய்தவருக்குச் சில மாதம். சண்டையில் யார் சரி என்பது என் கவலையில்லை. அந்த அவகாசக் குறைவில்தான் கெர்னல் தரப்பு எனக்கு உறுத்துகிறது.

ஆக, வெளி மாட்யூலுக்காக உள்முகத்தை உறையவைக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். அப்படிச் செய்திருந்தால் ஃபோலியோவும் வந்திருக்காது, டிவைஸ் மேப்பரும் இப்படி வளர்ந்திருக்காது. ஏற்கெனவே நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் வழியை, தனக்கு லாபமில்லாதபோது அடைக்காமல் இருக்கலாம். அடைக்கத்தான் வேண்டுமென்றால் நாள் சொல்லி அடைக்கலாம். அவ்வளவுதான் என் கேட்பு. அதுவும் நடக்குமென்று நம்பி டிஸ்க் வாங்க முடியாது என்பதால், ஸ்டுடியோவுக்குத் திரும்புகிறேன்.

பிகேஷ்எஃப்எஸ்ஸை இப்போதைக்குத் தள்ளிவைத்தேன்.

பழைய முறைக்கே, அதாவது எம்டி ரெய்டு, எல்விஎம், எக்ஸ்எஃப்எஸ்ஸுக்குத் திரும்பலாம். மூன்றும் உள்ளே இருப்பவை, எந்த கெர்னலிலும் எழுந்து வரும். ஆனால் அந்தச் சாம்பல் படம் கண்ணில் நிற்கிறது. எக்ஸ்எஃப்எஸ், எந்த ஃபைல் எங்கே என்ற தன் கணக்குப் புத்தகத்துக்குத்தான் செக்சம் வைத்திருக்கிறது, படத்துக்கு இல்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கீழே டிஎம்-இன்டெக்ரிட்டி போட்டால் அந்த ஓட்டை அடையும்: பிளாக் பொருந்தவில்லை என்றால் அது பிழை சொல்லும், ரெய்டு மற்ற டிஸ்க்கிலிருந்து எடுக்கும். விலை என்னவென்றால், வழக்கமான ஜர்னல் முறையில் எல்லாவற்றையும் இரண்டு முறை எழுதும். 4கே வீடியோ கொட்டும் இடத்தில் அது தெரியும். அதோடு நான்கு அடுக்கு. ராத்திரி பதினொன்றுக்கு போனில், எந்த அடுக்கில் கோளாறு என்று அண்ணனிடம் கேட்டு நான் கண்டுபிடிக்க வேண்டும். டிஸ்க் ஒன்று மாற்றினால், காலி இடத்தையும் சேர்த்து 8 டிபி முழுவதையும் மறுபடி எழுதும். விநாடிக்கு 150 எம்பி என்று வைத்தால்கூடப் பதினைந்து மணி நேரம்.

இசட்எஃப்எஸ் அங்கே ஜெயிக்கிறது. ரெய்டும் வால்யூமும் ஃபைல் சிஸ்டமும் ஒன்றாக இருப்பதால் எங்கே டேட்டா இருக்கிறது என்று அதற்குத் தெரியும், இருப்பதை மட்டும் எழுதும். அடுக்குகளை மீறுகிறது என்று அதைத் திட்டுபவர்கள் உண்டு. மீறுவதால் கிடைப்பதுதான் இந்தச் சௌகரியம். ரெய்டு 5 போன்ற அதன் ரெய்டு-இசட் போட்டால் நான்கு டிஸ்க்கில் கிட்டத்தட்ட மூன்றின் அளவு, 24 டிபிக்கு அருகில் கிடைக்கும். 2025 ஜனவரியில் வந்த 2.3 பதிப்பிலிருந்து பிறகு டிஸ்க் சேர்த்தும் விரிக்கலாம்.

ஆனால் அதை எப்படிப் போடுகிறோம் என்பதில் இரண்டு வழி. டிகேஎம்எஸ் என்ற கருவி மூலம் ஒவ்வொரு கெர்னலுக்கும் நம் மெஷினிலேயே கம்பைல் செய்வது ஒன்று. என் வைகாசி மாதக் காலை அதில் வந்தது. அல்லது கெர்னலையும் மாட்யூலையும் ஒருவரே சேர்த்துக் கட்டிக் கொடுப்பது. லினக்ஸைத் தொகுத்துக் கொடுக்கும் உபுண்டு 2016-ல் 16.04 முதல் அப்படிக் கொடுக்கிறது. கெர்னலும் வெளி மாட்யூலும் முறைத்துக்கொள்ளும்போது நடுவில் நின்று பொறுப்பேற்கும் ஆள் அது. அப்படிச் சேர்த்துக் கொடுப்பது ஜிபிஎல்லுக்கு விரோதம் என்று கட்டற்ற மென்பொருள் அமைப்பான சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அதே வருஷம் எதிர்ப்புத் தெரிவித்தது. அது விநியோகிப்பவர் தலைவலி. தன் கடையில் ஓட்டுகிறவரை ஜிபிஎல் கட்டுப்படுத்தாது. ஒரு சின்ன எரிச்சல் மிச்சமிருக்கிறது: இந்த மாட்யூல் ஏறியதும் கெர்னல் தன்மேல் 'கறைபட்டது' என்று குறித்துக்கொள்ளும். வேறு எங்கோ பிழை என்று புகார் கொடுத்தாலும், கறையில்லாமல் ஓட்டிக் காட்டு என்பார்கள்.

மிச்சம் பட்டர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். 2009-ல் 2.6.29-லிருந்து உள்ளேயே இருக்கிறது, படத்துக்கும் செக்சம் உண்டு, தானே சரிசெய்துகொள்ளவும் செய்யும். அதன் ரெய்டு 5, 6 பக்கம் போகக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஆபத்து என்று அவர்கள் ஆவணமே எச்சரிக்கிறது, நம்மூர் கரண்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரெய்டு 1 போட்டால் ஒவ்வொரு டேட்டாவும் இரண்டு டிஸ்க்கில். நான்கு டிஸ்க்கில் 16 டிபிதான் கிடைக்கும். ரெட் ஹேட் தன் எட்டாம் பதிப்பில் இதை நீக்கிவிட்டது. அதே வீட்டுப் பிள்ளையான ஃபெடோரா 2020-ல் 33-ஆம் பதிப்பில் டெஸ்க்டாப்புக்கு இதையே இயல்பாக வைத்தது. உள்ளே இருக்கிறது என்பதற்காக எல்லோரும் நம்புகிறார்கள் என்று அர்த்தமில்லை. இடம் நிரம்பினால் முரண்டு பிடிக்கும் என்பதால் எண்பது சதவீதத்தைத் தாண்ட விடுவதில்லை என்பது என் சொந்தக் கணக்கு.

அண்ணனிடம் எட்டு டிபி வித்தியாசத்தைச் சொன்னேன். இப்போது இருக்கும் டேட்டா ஒன்பது டிபிதான். "எடத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம். நான் கேக்குறது ஒண்ணுதான் தம்பி. நீ ஊர்ல இல்லாத அன்னைக்கு எது எந்திரிக்கும்?"

கெர்னல் விவாதத்தில் நான் யார் பக்கம் என்பதைவிட அந்தக் கேள்வி கனமானது. கடையில் வேலை ஓடும் மெஷினுக்கு பட்டர்எஃப்எஸ், ரெய்டு 1. எந்த கெர்னல் வந்தாலும் அதற்குள்ளேயே வரும். அண்ணா நகரில் அவர் வீட்டில் இருக்கும் பேக்கப் மெஷினுக்கு உபுண்டுவோடு வரும் இசட்எஃப்எஸ். அங்கே ஒருநாள் மாட்யூல் எழாவிட்டால் யாரும் சோபாவில் காத்திருக்கப் போவதில்லை. நான் சாயங்காலம் போய்ப் பார்த்தால் போதும். இரண்டு பிரதியும் இரண்டு வேறு ஃபைல் சிஸ்டத்தில் இருப்பதால் ஒன்றில் வரும் பக் மற்றதைத் தின்னாது என்பது கூடுதல்.

பட்டர்எஃப்எஸ்ஸில் ஒரு முள் இருக்கிறது, அதை முன்னாடியே சொல்லிவிட்டேன். ஒரு டிஸ்க் செத்தபின் மெஷினை ரீஸ்டார்ட் செய்தால், 'டிகிரேடட்' என்று சொல்லிக் கேட்காமல் அது மவுண்ட் ஆகாது. கரண்ட் போய் வந்த காலையில் இதுதான் நடக்கும். நான் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அண்ணன் அந்தக் கட்டளையை ஆல்பம் அட்டையின் பின்பக்கம் பெரிதாக எழுதி மெஷின் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார். கீழே தமிழில், "டிஸ்க் போச்சுன்னா மட்டும். சும்மா அடிக்கக் கூடாது."